ஐவிஐஜி ஏற்றும்போது குளிர் நடுக்கம் வந்தால், மருந்துக்கு எதிராக உடம்பில் ஆன்டிபாடி உண்டாகிவிட்டது என்று அர்த்தமா?

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பாம்பனில் இருக்கும் உங்கள் அண்ணன் மகனுக்கு 7 வயது, 20 கிலோ எடை. கிருமிகளை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடி பிறவியிலேயே உற்பத்தி ஆகாத குறை, எக்ஸ்எல்ஏ என்று மதுரையில் சொல்லி, மாதம் ஒருமுறை ஐவிஐஜி, அதாவது நரம்பில் ஏற்றும் ஆன்டிபாடி மருந்து, ஏற்றி வந்தார்கள். ஏப்ரல் முதல் வாரம் போட்டதற்கு அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்தது, கையில் காசில்லாமல் இரண்டு தவணை தவறிப்போனது. ஜூன் கடைசியில், சளியும் லேசான காய்ச்சலுமாக இருந்த பிள்ளையைக் கூட்டிப்போய் மருந்து ஏற்றியபோது அரை மணி நேரத்தில் குளிர் நடுக்கம், முதுகுவலி, காய்ச்சல். டிரிப்பை நிறுத்தி, ஊசி போட்டு, பிறகு மெதுவாக ஓடவிட்டு முடித்திருக்கிறார்கள். மறுநாள் தலைவலி, ஒரு தடவை வாந்தி. இப்போது உறவினர் ஒருவர், "மருந்துக்கு எதிராகவே உடம்பு ஆன்டிபாடி செய்துவிட்டது, இனி போட்டால் உயிருக்கே ஆபத்து" என்கிறார். ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகைக்கு எதிராக உடம்பில் ஏதும் உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கும் ஐஜிஏ ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டெஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கேள்வி இந்த மருந்தை நிறுத்திவிடலாமா என்பது. வேண்டாம், நிறுத்தாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உறவினர் சொன்னது முழுக்க இட்டுக்கட்டியது இல்லை. வேறொரு நோயாளிக்குப் பொருந்துகிற விஷயத்தை உங்கள் பிள்ளை மேல் ஏற்றிவிட்டார்.

நான் தொண்டிக்காரன். மதுரையில் குருதியேற்று மருத்துவத் துறையில் வேலை. ரத்தம், பிளாஸ்மா, பிளாஸ்மாவிலிருந்து செய்யும் மருந்துகள், அவை ஏறும்போது வருகிற கோளாறுகள், இவைதான் என் அன்றாடப் பிழைப்பு. பிள்ளையை நான் பார்க்கவில்லை, ரிப்போர்ட்டும் என் கையில் இல்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு அளவையோ தேதியையோ நீங்களாக மாற்றாதீர்கள். பார்க்கிற டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1952-ல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், திரும்பத் திரும்ப நிமோனியா வந்துகொண்டிருந்த 8 வயதுப் பையன் ஒருவனின் ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற பகுதியே இல்லை என்று கண்டார். மற்றவர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த அந்தப் பொருளைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டு வந்தார், பையன் தேறினான். காரணமான மரபணு 1993-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பிடிகே என்ற அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அதனால்தான் அம்மா நன்றாக இருந்தும் ஆண்பிள்ளைக்கு நோய் வருகிறது. அது பழுதானால் பி செல் என்கிற ரத்த அணு முதிர்ச்சி அடைவதில்லை. பி செல் இல்லையென்றால் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகைகள் எதுவுமே உருவாகாது. உங்கள் அண்ணன் மகனுக்கு மாதாமாதம் ஏற்றுவது குறைந்தது ஆயிரம் பேர், பெரும்பாலும் பல ஆயிரம் பேர், கொடுத்த பிளாஸ்மாவைக் கலந்து அதிலிருந்து பிரித்தெடுத்த ஐஜிஜி. அதில் மிகச் சிறிய அளவில் ஐஜிஏவும் ஒட்டிக்கொண்டு வரும்.

உறவினர் சொன்ன கதை அந்த ஒட்டிக்கொண்டு வருகிற ஐஜிஏவில்தான் தொடங்குகிறது. சிலருக்கு உடம்பில் ஐஜிஏ அறவே இருக்காது, ஆனால் மற்ற ஆன்டிபாடிகளைச் செய்யும் திறன் ஓரளவு இருக்கும். அப்படிப்பட்டவரின் உடம்பு வெளியிலிருந்து வரும் ஐஜிஏவை அந்நியப் பொருளாகப் பார்த்து அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்யலாம். ரத்தம் ஏற்றியபோது இப்படிப்பட்டவர்களுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததை 1968-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். 1986-ல், சிவிஐடி என்ற வேறொரு வகைக் குறைபாடு உள்ள இரண்டு பேருக்கு இம்யூனோகுளோபுலின் (இதே ஆன்டிபாடி மருந்து) ஏற்றும்போது அனாஃபிலாக்சிஸ் என்ற உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்ததையும், அவர்களிடம் ஐஜிஏக்கு எதிராக, ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ வகை ஆன்டிபாடி இருந்ததையும் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகு பாடப்புத்தகங்களிலும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதத்திலும் இந்த எச்சரிக்கை நிலைத்துவிட்டது. உங்கள் உறவினர் அந்தக் காகிதத்தைப் படித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஆன்டிபாடியே செய்யத் தெரியாத உடம்பு, மருந்துக்கு எதிராக மட்டும் எப்படி ஆன்டிபாடி செய்யும்? நூலே இல்லாத வீட்டில் வலை பின்ன முடியாது. பி செல் இல்லாத எக்ஸ்எல்ஏ பிள்ளைக்கு ஐஜிஏவுக்கு எதிரான ஆன்டிபாடி உண்டாக வழியே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு இதில் சந்தேகமில்லை. சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்றுதான். நோய் உண்மையிலேயே எக்ஸ்எல்ஏதானா? பழைய ரிப்போர்ட்டில் சிடி19 என்று ஒரு வரி இருக்கும், அது பி செல்லின் எண்ணிக்கை. இரண்டு சதவீதத்துக்கும் கீழே இருந்தால் எக்ஸ்எல்ஏ என்பதோடு பொருந்தும். மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் இன்னும் உறுதி. பி செல் ஓரளவு இருந்து, "ஆன்டிபாடி குறைவு" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் மேலே சொன்ன உறுதி குறைந்துவிடும். அந்த ஒரு வரியை டாக்டரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட டெஸ்ட்டைவிட அது பயனுள்ளது.

சிவிஐடி உள்ளவர்களுக்கே அந்த டெஸ்ட் எவ்வளவு உதவும் என்பதில் மருத்துவ உலகத்தில் ஒருமித்த கருத்து இல்லை. ஐஜிஏக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தும் ஆண்டுக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஐவிஐஜி ஏற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். ஆன்டிபாடி இல்லாதவர்களுக்கும் கடுமையான விளைவு வந்ததுண்டு. பரிசோதனை முறையும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் ஒன்றுபோல் இல்லை. ஐஜிஇ வகை ஆன்டிபாடிதான் அனாஃபிலாக்சிஸுக்குக் காரணமா என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அந்த ஆன்டிபாடி உள்ளவர்களுக்குத் தோலுக்கடியில் மெதுவாகக் கொடுத்தபோது பெரும்பாலும் பிரச்சினை வரவில்லை என்பதையும் பார்த்திருக்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் வழக்கமாக இந்த டெஸ்ட்டை எடுக்கச் சொல்வதில்லை. உங்கள் பிள்ளைக்கு அந்தக் காசை மிச்சம் பிடித்து அடுத்த தவணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஜூனில் நடந்தது என்ன? ஐஜிஜிக்கு ரத்தத்தில் அரை ஆயுள் ஏறத்தாழ 3 வாரம். மருந்து ஏற்றிய உடனே 100 மில்லி ரத்தத்தில் அளவு 1000 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 3 வாரத்தில் 500, 6 வாரத்தில் 250, 9 வாரத்தில் 125, 12 வாரத்தில் 60 சொச்சம். இது சராசரிக் கணக்கு, பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஆனாலும் ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து ஜூன் கடைசி என்றால் பிள்ளை கிட்டத்தட்ட வெறுங்கையோடு இருந்திருக்கிறான். அந்த இடைவெளியில் மூக்கிலும் நெஞ்சிலும் கிருமி சேர்ந்துவிட்டது. அதைத்தான் சளி, காய்ச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் ஆயிரக்கணக்கானவர்களின் ஆன்டிபாடி ஒரே நேரத்தில் உள்ளே போகிறது. அவை கிருமிகளைப் பிடித்து ஒட்டுகின்றன. ஒட்டிய அந்தக் கூட்டுகள் காம்ப்ளிமென்ட் என்ற புரத வரிசையைத் தூண்டிவிடுகின்றன, வெள்ளணுக்களிலிருந்து சைட்டோகைன்கள் என்ற அழற்சியைத் தூண்டும் பொருள்கள் வெளியாகின்றன. நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி எல்லாம் அதன் வேலை. மருந்து தன் வேலையைச் செய்ததில் வந்த தொந்தரவு என்றுகூடச் சொல்லலாம். முதல் தடவை ஏற்றும்போதும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஏற்றும்போதும், காய்ச்சலோடு ஏற்றும்போதும், கம்பெனி மாறும்போதும், வேகமாக ஓடவிடும்போதும் இது வரும். உங்கள் பிள்ளைக்கு இவற்றில் இரண்டு நிச்சயம் இருந்திருக்கின்றன. மற்றவை இருந்தனவா என்று கேஸ் ஷீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

நிறுத்தி, மெதுவாக்கி, மறுபடி ஓடவிட்டபோது முழுசும் ஏறி முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதுவே பெரிய தடயம். உண்மையான அனாஃபிலாக்சிஸாக இருந்தால் அதே நாளில் அதே குப்பியை அப்படி முடித்திருக்க முடியாது. அதன் முகமே வேறு. ஏற ஆரம்பித்த சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு கண் வீங்குவது, நெஞ்சு இறுகி மூச்சில் விசில் சத்தம், ரத்த அழுத்தம் விழுந்து பிள்ளை துவண்டுபோவது. அப்படி வந்தால் தொடையில் அட்ரினலின் ஊசி உடனே போட வேண்டும். ஏவில் என்ற அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் அதற்கு ஈடாகாது. நடுக்கக் காய்ச்சல் வகையில் ரத்த அழுத்தம் விழுவதற்குப் பதில் பெரும்பாலும் கொஞ்சம் ஏறியே இருக்கும். அன்றைக்கு நர்ஸ் குறித்துவைத்த பிபி எண்கள் கேஸ் ஷீட்டில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் தலைவலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐவிஐஜிக்குப் பிறகு தலைவலி மிகச் சாதாரணம். தண்ணீர் குடித்து, பாரசிட்டமால் போட்டு, படுத்து எழுந்தால் போய்விடும். சிலருக்கு ஒரு நாள், இரண்டு நாளுக்குள் தலைவலி கடுமையாகி, கழுத்து விறைத்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூசி, வாந்தியும் வரும். கிருமி இல்லாத மூளை உறை அழற்சி அது, தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஆன்டிபாடி இல்லாத பிள்ளைக்குக் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் வரக்கூடும், எக்ஸ்எல்ஏ பிள்ளைகளுக்கு என்டரோவைரஸ் மூளையைத் தாக்குவதும் உண்டு. வீட்டில் உட்கார்ந்துகொண்டு இது எந்த வகை என்று சொல்ல யாராலும் முடியாது. ஆகவே கழுத்து விறைத்தால், காய்ச்சல் ஏறினால், பிள்ளை மந்தமாக இருந்தால், "ஊசி போட்டதால் வந்த தலைவலிதான்" என்று வைத்துக்கொள்ளாமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள்.

அபூர்வமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். தானம் செய்தவர்களின் பிளாஸ்மாவில் ஏ, பி ரத்தப் பிரிவுகளுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருக்கும். அதிக அளவு மருந்து ஏற்றும்போது, ஓ அல்லாத பிரிவுக்காரர்களுக்கு அவை சிவப்பணுக்களை உடைக்கலாம். சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ தாமதிக்கக் கூடாது. சர்க்கரை சேர்த்த பழைய வகைத் தயாரிப்புகளில் சிறுநீரகக் கோளாறு வந்ததுண்டு. ரத்தம் உறைவதும் உண்டு, அது பெரும்பாலும் வயதானவர்களுக்கு. குறைபாட்டை ஈடுகட்டக் கொடுக்கும் அளவில், ஒரு சின்னப் பையனுக்கு இவை வருவது மிக மிகக் குறைவு.

இனி, ஐஸ் பெட்டி. மருந்தை மதுரையில் வாங்கி நீங்களே கொண்டுபோவதாக எழுதியிருக்கிறீர்கள். 1950களில் இந்தப் பொருளைச் சதையில்தான் போட முடிந்தது. நரம்பில் போட்டால் கடும் விளைவு வந்தது, ஏனென்றால் தயாரிப்பில் ஐஜிஜி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கிடந்தன, அந்தத் திரள்களே காம்ப்ளிமென்ட்டைத் தூண்டிவிட்டன. அந்தத் திரளை நீக்கக் கற்றுக்கொண்ட பிறகு, 1980களின் தொடக்கத்தில்தான் நரம்பில் ஏற்றும் மருந்து பரவலாக வந்தது. கம்பெனி அவ்வளவு பாடுபட்டுத் திரளில்லாமல் செய்து தருவதை நாம் வழியில் திரளச் செய்துவிடக் கூடாது. பெரும்பாலான தயாரிப்புகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவிடவே கூடாது. நம் கடற்கரையில் வெயிலுக்குப் பயந்து மீன் கொண்டுபோகிற தெர்மாகோல் பெட்டியில் நொறுக்கு ஐஸ் போட்டு அதற்குள் குப்பியைப் புதைத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஐஸில் நேராகப் பட்ட குப்பி உறைந்துவிடலாம். உறைந்து உருகிய பிறகு பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், இருந்தாலும் அதை ஏற்றக் கூடாது. குப்பியை அட்டைப்பெட்டியோடு துண்டில் சுற்றி, ஐஸ் படாமல் இடைவெளி விட்டு வையுங்கள். குலுக்காதீர்கள், நுரை வரும். ஏற்றுவதற்கு முன் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். சில்லென்று ஏற்றினாலே நடுக்கம் வரும். மீன் பெட்டியைக் கழுவி எடுத்தாலும் வாடை போகாது, மருந்துக்கென்று தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

அடுத்த தடவைக்கு வருவோம். வழக்கமான அளவு கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம். 20 கிலோப் பிள்ளைக்கு 8 முதல் 12 கிராம். 5 சதவீத மருந்தாக இருந்தால் 10 கிராம் என்பது 200 மில்லி. முதல் அரை மணி நேரம் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி, அதாவது மணிக்கு 10 மில்லி என்று ஆரம்பித்து, தொந்தரவு இல்லையென்றால் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். இப்படிப் போனால் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். "பஸ்ஸைப் பிடிக்கணும் சிஸ்டர், கொஞ்சம் வேகமா விடுங்க" என்று கேட்பது நம் ஆட்கள்தான். ராமநாதபுரம் பஸ் போனால் அடுத்த பஸ் வரும், கேட்காதீர்கள். முந்தின நாளிலிருந்தே தண்ணீர் நிறையக் கொடுங்கள். பஸ்ஸில் ஒன்றுக்கு வரும் என்று வாயைக் கட்டி அழைத்து வருகிற பிள்ளைகளுக்குத்தான் தலைவலி அதிகம். காய்ச்சல் இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். கிருமிக்கு மருந்து கொடுத்து ஓரிரு நாள் தள்ளிப் போடுவதா, அன்றே மிக மெதுவாக ஏற்றுவதா என்பது டாக்டர் முடிவு. முன்கூட்டியே பாரசிட்டமாலும் அலர்ஜி மருந்தும் கொடுப்பது எங்கள் வழக்கம். அதற்கான ஆதாரம் வலுவானது இல்லை, மெதுவாக ஓடவிடுவதற்கு அது ஈடும் ஆகாது. குப்பியின் லேபிளை ஒவ்வொரு தடவையும் உரித்து ஒரு நோட்டில் ஒட்டுங்கள்: கம்பெனி பெயர், பேட்ச் எண், தேதி. முடிந்தவரை ஒரே கம்பெனி மருந்தே தொடரட்டும். கடையில் வேறு ஒன்றுதான் கிடைத்தது என்றால் நர்ஸிடம் அதைச் சொல்லுங்கள், முதல் தடவை ஏற்றுவது போலவே மெதுவாக ஆரம்பிப்பார்கள்.

இவ்வளவுக்கும் மேலே, அந்த இடைவெளி திரும்ப வரக் கூடாது. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது வருடா வருடம் தெரிந்ததுதான். அண்ணன் விசைப்படகில் போகிறவர் என்றால் அந்த 61 நாளுக்குள் விழும் தவணைகளுக்கான வழியை மாசி மாதமே மருத்துவமனையில் பேசிவிட வேண்டும். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்த வகை எதிர்ப்பாற்றல் குறைபாடுகளும் இருக்கின்றன. அதற்கான சிறப்பு மையங்களில் ஒன்று சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. பதிவு செய்யக் கடிதம் தரும்படி மதுரை டாக்டரிடமே கேளுங்கள். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. மதுரையில் எழுதித் தரும் முறைப்படி அங்கே ஏற்ற முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், அலைச்சலும் கூலி இழப்பும் குறையும். தோலுக்கடியில் வாரம் ஒருமுறை வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் முறையும் உண்டு. உடம்பு முழுக்க வரும் விளைவுகள் அதில் குறைவு. ஆனால் அதற்கான மருந்து எல்லா இடத்திலும் எளிதில் கிடைப்பதில்லை, செலவும் குறைவு இல்லை.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். மருந்து ஏற்றிய பிறகு சில மாதம்வரை பிள்ளையின் ரத்தத்தில் எடுக்கும் எந்த ஆன்டிபாடி டெஸ்ட்டும் தானம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடியைத்தான் காட்டும். மஞ்சள் காமாலை பி ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று ஏதாவது லேபில் வந்தால் பதறாதீர்கள். கிருமியே இருக்கிறதா என்று பார்க்கிற பிசிஆர் போன்ற டெஸ்ட்டை டாக்டர் எழுதுவார். இரண்டாவது, போலியோ சொட்டு மருந்து. அதில் இருப்பது உயிருள்ள வைரஸ். இந்தப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கக் கூடாது, ஒரே வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்கும் கூடாது, ஏனென்றால் அவர்கள் வழியாக இவனுக்கு வரும். அவர்களுக்கு ஊசியாகப் போடும் போலியோ தடுப்பு மருந்து இருக்கிறது. சொட்டு மருந்து முகாம் அன்று வீடு வீடாக வருகிறவர்களிடமும் அங்கன்வாடியிலும் முன்கூட்டியே சொல்லி, டாக்டர் சீட்டின் நகல் ஒன்றை அவர்களிடம் கொடுத்து வையுங்கள்.